ஆள் இறங்கிய எடை

கப்பலூர் எடைமேடையில் இரவு ஒன்றே முக்கால்.
மேலூர்க் கல் ஏற்றிய பதினாலு சக்கர வண்டி
மேடை ஏறாமல் உறுமிக்கொண்டு நிற்கிறது.
அதற்குப் பின்னால் வெங்காயம், அதற்குப் பின்னால் தவிடு,
அப்புறம் நான்குவழிச் சாலை வரைக்கும் வெறும் விளக்குகள்.

கண்ணாடிக் கூண்டுக்குள் நான், மடிக்கணினி,
பேச்சிராசன் வாங்கிவந்து ஆறிப்போன டீ.
திரையில் அதே வரி, பதினோராவது முறை:
'தராசு_வாசி' என்று இங்கே யாரும் இல்லை.

இருக்கிறாள்.
போன ஆனியில் நான்தானே எழுதினேன்.
நூலகக் கோப்பைத் திறந்தும் பார்த்துவிட்டேன்,
உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

இணைப்பான் கெட்டவன் இல்லை, ஒருவழிப் பாதைக்காரன்.
இடமிருந்து வலமாக ஒரே நடை.
யாராவது கேட்டு வைத்திருந்தால்தான்
ஒரு நூலகத்தின் கதவைத் தட்டுவான்.
கேட்கும் முன்னே கடந்துவிட்ட வீட்டுக்குத்
திரும்பி வந்து எட்டிப் பார்க்க மாட்டான்,
பெரியார் நிலையத்துக் கடைசித் திருமங்கலம் பஸ் மாதிரி.

நான் கொடுப்பவளை முன்னால் வைத்திருந்தேன்,
கேட்பவனைப் பின்னால்.
மாற்றினேன். அந்தப் பிழை போய் வேறொன்று வந்தது.
ரசீதுக்குத் தராசு வேண்டுமாம்,
தராசுக்கு ரசீது வேண்டுமாம்.
ஒரே வரியில் தராசின் பெயரை
இரண்டாம் தடவையும் எழுதினேன்.
வெட்கமாகத்தான் இருந்தது. வேலை நடந்தது.

எச்சரிக்கை ஏழு, பிழை இல்லை.
மூலநிரலை மூட்டை கட்டி
மூலையில் கிடக்கும் பழைய பெட்டிக்கு அனுப்பினேன்.
விசிறியெல்லாம் குவாரித் தூசி அதற்கு.
நான் சமைத்தது செரிக்காது,
அரிசி பருப்பாகக் கொடுத்தால்
தானே பொங்கித் தின்னும்.

பிரித்தது. கட்டத் தொடங்கியது.
நாற்பதாவது விநாடியில் நின்றது:
அலகுகளுக்கான தலைப்புக் கோப்பைக் காணோம்.

"என்கிட்ட இருக்கே!" என்றேன் சத்தமாக.
பேச்சிராசன் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

வெளியே ஒச்சப்பன் பொறுமை போய்
வண்டியை மேடையில் ஏற்றிவிட்டார்.
சிவப்பு எண் ஆடி ஆடி நின்றது: 41480.
"எறங்குண்ணே, போர்டப் பாரு" என்றது மைக்.
எடை போடும்போது ஆள் இருக்கக் கூடாது,
மஞ்சளில் எழுதி, பாதியைப் புகை தின்றிருந்தது.
அவர் இறங்கினார். தூக்கம் கலையாத கிளீனரும் இறங்கினான்.
41340.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.
என் கணினியில் கட்டிய ஒவ்வொரு தடவையும்
நானும் ஏறி உட்கார்ந்திருந்தேன்.
என்றோ, எந்த அடைவிலோ, நான் வைத்து மறந்த கோப்பு
கூப்பிட்டதும் வந்து வந்து நின்றிருக்கிறது.
மூட்டையின் பட்டியலில் அதன் பெயரே இல்லை.
இல்லாமல் போகாததால்
வேண்டும் என்பதே தெரியவில்லை.

ஒரு வரி சேர்த்தேன்.
பிறகு காலி அடைவு ஒன்றைத் திறந்து,
எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு,
என் மூட்டையை நானே
யாரோ அனுப்பியதுபோலப் பிரித்தேன்.
கட்டியது.

இரண்டு இருபத்தாறுக்குப் பழைய பெட்டியும் கட்டி முடித்தது.
அச்சுப்பொறி கரகரத்து முதல் ரசீதைத் துப்பியது.
எண்ணெல்லாம் சரி.
'எடை'யில் மட்டும்
டகரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய ஐகாரக் கொம்பு
பின்னால் போய் நின்றுகொண்டிருந்தது.

"கணக்கு சரியா இருந்தாப் போதும் தாயி,
எழுத்த யாரு பாக்கப் போறா?"
நாலாக மடித்துக் கொண்டுபோனார் ஒச்சப்பன்.

நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
வெங்காய வண்டி மேடை ஏறுகிறது.
அதன் ஓட்டுநர், சொல்லாமலே, இறங்குகிறார்.